தூரமா, வெளிச்சமா?

கேமரா வாங்கிய முதல் மாதத்தில் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் வருகிறது: இன்னும் கொஞ்சம் கிட்டே இழுக்க வேண்டும். கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே மேடையில் இருக்கும் பெண்ணின் நெற்றிச்சுட்டி தெரிய வேண்டும். மொட்டைமாடியில் நின்றால் எதிர்த்தெரு வேம்பில் இருக்கும் கிளியின் கண் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாளையங்கோட்டையில் என்னிடம் படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சார், 300 எம்.எம். வாங்கலாமா?" என்பதுதான். பையில், பாடியோடு சேர்ந்து வந்த 18-55 கிட் லென்ஸ் இருக்கும். கையில், வீட்டில் கெஞ்சி வாங்கியதோ விடுமுறை வேலையில் சேர்த்ததோ, எட்டாயிரமோ பத்தாயிரமோ இருக்கும். அந்த மாதிரிப் பணம் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி வராது. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு.

நானும் அந்த ஆசைக்குப் பணம் கட்டியவன். 2011-இல் சீட்டு எடுத்து நிக்கான் டி3100 வாங்கினேன். ஆறு மாதம் கழித்து, மிச்சம் பிடித்த காசில் பழைய 70-300 லென்ஸ் ஒன்றை வாங்கினேன். கை நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் வசதி இல்லாத, மலிவான லென்ஸ். அதைப் போட்டுக்கொண்டுதான் தங்கையின் வளைகாப்புக்குப் போனேன். பட்டாசலில் பெண்கள் கூட்டம். நான் நடையில் நின்றுகொண்டு, இழுத்த மட்டும் இழுத்து, அவள் கையையும் கையில் ஏறுகிற வளையல்களையும் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தன. இரவு கணினியில் போட்டுப் பார்த்தபோது, மழையில் கரைந்த கோலம் மாதிரி பச்சையும் சிவப்பும் இழுபட்டுக் கிடந்தன. ஒரு படம்கூடத் தேறவில்லை. அன்று வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது என் தோள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறாள். அந்த வளைகாப்புக்கு எங்கள் வீட்டில் படம் கிடையாது.

கை நடுங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஃபிலிம் காலத்தில் நிக்கான் எஃப்எம்2-வும் ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸுமாக எத்தனையோ கல்யாணங்களையும் தேரோட்டங்களையும் எடுத்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "உங்கை ஆடலடே. வெளிச்சம் பத்தல" என்றார். கொஞ்சம் யோசித்து, "நீ தூரத்துக்குத் துட்டு குடுத்திருக்க. வெளிச்சத்துக்குல்லா குடுத்திருக்கணும்" என்றார்.

அதன் அர்த்தம் எனக்கு உடனே விளங்கவில்லை. பல மாதம் பிடித்தது.

லென்ஸின் முகப்பில் எழுதியிருக்கும் எண்களில் முதல் எண்ணைத்தான் நாம் எல்லோரும் படிக்கிறோம். 18-55, 70-300. அதற்குப் பிறகு சின்னதாக 3.5-5.6 என்றோ 1.8 என்றோ இருக்கும். கதவு எவ்வளவு அகலம் திறக்கும் என்பதைச் சொல்வது அந்த இரண்டாவது எண். குவியத் தூரத்தை, அதாவது முதல் எண்ணை, அதனால் வகுத்தால் அந்தக் கதவின், அதாவது அப்பர்ச்சரின், விட்டம் கிடைத்துவிடும். கிட் லென்ஸை 55 வரை இழுத்தால் அது எஃப்/5.6, 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு. 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸில் அதுவே 28 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. எஃப்/5.6-இலிருந்து எஃப்/1.8-க்கு வந்தால் சென்ஸாரில் விழும் வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஒரு வினாடியின் எட்டில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டிய இடத்தில், எண்பதில் ஒரு பங்கு போதும்.

இந்தக் கணக்கு எனக்குப் புத்தியில் ஏறிய இடம் பத்தமடை. நெல்லையிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். கோரைப் பாய்க்குப் பேர்போனது. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே பாய் நெய்வது வீடுகளுக்குள், தாழ்ந்த கூரைக்கடியில். தரையோடு தரையாகப் பாவு நூல் இழுத்துக் கட்டியிருக்கும். சாயம் ஏற்றிய கோரையை ஒவ்வொன்றாகக் கோத்து, அச்சைத் தன் பக்கம் இழுத்துத் தட்டி இறுக்குவார்கள். கதவு வழியாக வருகிற வெளிச்சம்தான் வெளிச்சம். 2012-இல் ஒரு நாள் கிட் லென்ஸோடு போய் ஒரு அம்மாவிடம் அனுமதி கேட்டு உட்கார்ந்தேன். அவர் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று சுவரோரம் தள்ளி உட்கார்ந்து, 55-க்கு இழுத்து எடுத்தேன். ஐ.எஸ்.ஓ. 1600; ஷட்டர் 1/8.

என் கிட் லென்ஸில் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருந்தது. அதனால் வந்த படங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். சுவரில் தொங்கிய நாள்காட்டியின் தேதியைப் படிக்க முடிந்தது. பாவு நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் புகை. லென்ஸுக்குள் இருக்கும் அந்த வசதி என் கையைத்தான் நிறுத்தும். நெய்கிறவரின் கையை நிறுத்தாது. உழைக்கிற கை, சிரிக்கிற வாய், ஓடுகிற பிள்ளை: வீட்டுக்குள் நாம் எடுக்க ஆசைப்படுவதெல்லாம் அசைகிறவைதான். அவற்றை நிறுத்துவதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றலாம், என் டி3100-இல் 3200-க்குப் போனாலே முகத்தில் மணல் தூவினதுபோல ஆகிவிடும். ஃபிளாஷ் அடிக்கலாம். அடித்தால் அந்தக் கதவு வெளிச்சம் செத்துப்போகும். அதற்காகத்தானே அங்கே போய் உட்கார்ந்தது.

நாலைந்து மாதம் காசு சேர்த்து 35 எம்.எம். எஃப்/1.8 வாங்கினேன். நிக்கான் 2009-இல் கொண்டுவந்தது. 200 கிராம் எடை. இழுக்கவோ சுருக்கவோ முடியாது. பாடியும் கிட் லென்ஸும் சேர்த்துக் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆனது. அதே வீட்டுக்கு, அதே மதியம் மூன்று மணிக்குப் போனேன். 55-இல் சுவரோரம் உட்கார்ந்தவன், 35-இல் அவருக்கு ஐந்தடிக்குள் போக வேண்டியிருந்தது. 1/80. விரல்கள் நின்றன. கோரையின் நுனி வளைவதுகூடத் தெரிந்தது. "என்ன தம்பி, எடுத்ததையே எடுக்கிய?" என்று கேட்டார் அந்த அம்மா. திரையைத் திருப்பிக் காட்டினேன். தன் கையைத் தானே முதல்முறையாகப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

முதல் லென்ஸ் என்றால் 50 எம்.எம். எஃப்/1.8 என்று எல்லோரும் சொல்வார்கள். மலிவானது, படம் நன்றாக வரும் என்பார்கள். இரண்டும் உண்மை. அது ஏன் மலிவு என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குவது எனக்குப் பிடிக்கும். எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் சென்ஸாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழுந்து விழ வேண்டும். அதற்கு இடம் விட்டாக வேண்டும். நிக்கானில் லென்ஸ் மாட்டும் விளிம்பிலிருந்து சென்ஸார் வரை 46.5 மில்லிமீட்டர், கேனனில் 44. குவியத் தூரம் 50 என்றால் அந்த இடைவெளியோடு சண்டை போடாமல் லென்ஸ் இயல்பாக உட்கார்ந்துவிடும். ஆறு கண்ணாடித் துண்டு போதும். அந்த அமைப்பின் மூலம், ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896-இல் வடிவமைத்த பிளானர். நூறு வருடத்துக்கும் மேலாகச் செதுக்கிச் செதுக்கித் தேறிய வடிவம். 35-க்கும் 24-க்கும் வந்தால் கண்ணாடி எழும்ப இடம் விட்டுக்கொண்டே கதிர்களை வளைத்தனுப்பக் கூடுதல் துண்டுகள் வேண்டும், விலை ஏறும். 50-இன் விலை குறைவு, தரம் குறைந்ததால் வந்ததல்ல.

ஆனால் நம் வீடுகளுக்கு அது பொருந்துமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் வாங்கும் முதல் கேமராக்களின் சென்ஸார், பழைய ஃபிலிம் கட்டத்தைவிடச் சிறியது. நிக்கானில் அகலம் 23.5 மில்லிமீட்டர், கேனனில் 22.3. அதனால் 50 எம்.எம். போட்டால், ஃபிலிம் காலத்து 75-ஓ 80-ஓ போட்டதுபோல இறுகிவிடும். பத்துக்குப் பத்து அறை ஒன்றில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, எதிர்ச்சுவரை ஒட்டி நிற்கும் ஆச்சியை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நடுவே மூன்று மீட்டர்கூட இருக்காது. மூன்று என்றே வைப்போம். கேமராவை நட்டுவாக்கில் பிடித்தால் 50-இல் அடங்குவது சுமார் நாலரை அடி உயரம். ஆச்சியின் முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டுவிடும். 35-இல் ஆறரை அடி அடங்கும். தலைக்கு மேல் சாமி படத்துக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். இந்த இரண்டடி வித்தியாசத்தால்தான் நிக்கான் வைத்திருக்கிற பிள்ளைகளிடம் யோசிக்காமல் 35 என்று சொல்கிறேன்.

ஃபிலிம் கேமராவில் 50 எப்படி நிற்குமோ, நம் கேமராவில் 35 அப்படி நிற்கும். புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதியை லைகாவும் 50-மாகவே கழித்தவர். காந்தியின் இறுதி ஊர்வலத்தை எடுத்தவர். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவர். அவர் படங்களைப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: எதுவும் இழுத்துவரப்பட்டதாகவும் இல்லை, விரட்டப்பட்டதாகவும் இல்லை. அந்த இடத்தில் நாமும் ஒரு ஆளாக நின்றிருந்தால் எவ்வளவு தூரத்தில் நின்றிருப்போமோ, அவ்வளவு தூரத்தில் இருக்கின்றன.

கேனன் வைத்திருப்பவர்களுக்கு இதே பதிலை என்னால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிவதில்லை. மலிவான 35 எஃப்/1.8 அவர்களுக்குக் கிடையாது. 24 எம்.எம். எஃப்/2.8 ஒன்று 2014-இல் வந்தது. 125 கிராம், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். அறைக்குள் நன்றாக அடங்கும். ஆனால் கிட் லென்ஸை 24-இல் வைத்துப் பார்த்தால், வெளிச்சத்தில் இரண்டு மடங்குதான் லாபம். 50 எஃப்/1.8-இன் புது வடிவம் 2015-இல் வந்தது; பழைய பிளாஸ்டிக் வளையத்துக்குப் பதில் உலோக வளையம். முகங்கள் பிடித்தவர்களிடம் அந்த 50-ஐயே வாங்கச் சொல்வேன். அறைக்குள் நிற்காமல் வாசலுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்து எடுக்கப் பழகுங்கள் என்பேன். நிலைப்படி ஒரு சட்டமாகப் படத்துக்குள் வந்துவிடும். அப்படி எடுக்கப்பட்ட நல்ல படங்கள் என் மாணவர்களிடம் நிறைய இருக்கின்றன.

எஃப்/1.8 கையில் வந்ததும் ஒரு வியாதியும் சேர்ந்து வரும். பின்னணி கரைந்து முகம் மட்டும் மிதக்கிற அந்த ப்ளர். பிள்ளைகள் அதற்காகவே லென்ஸை எப்போதும் முழுக்கத் திறந்து வைத்திருப்பார்கள். பத்தமடையில் எடுத்த முதல் பத்துப் படங்களில் நானும் அப்படித்தான். 35-இல் ஐந்தடித் தூரத்தில் எஃப்/1.8 என்றால், தெளிவாக நிற்கிற ஆழம் சுமார் 13 சென்டிமீட்டர். அரைச் சாணுக்கு மேல் கொஞ்சம். அந்த அம்மாவின் கண்ணில் போக்கஸ் வைத்தால் கை கரைந்தது. கையில் வைத்தால் கண் கரைந்தது. எஃப்/2.8-க்கு மூடினால் ஏறக்குறைய ஒரு சாண் கிடைக்கும். குனிந்து நெய்கிற ஒருவரின் முகத்துக்கும் கைக்கும் நடுவே அந்தச் சாண் போதும். பின்னால் இருந்த சுவர் கரைந்துபோனால் அது பத்தமடை வீடாக இருக்காது, யார் வீடாகவும் இருக்காது. கரைப்பதற்காக 1.8-ஐ வாங்காதீர்கள். இருட்டில் 2.8-க்கு மூடுகிற வசதிக்காக வாங்குங்கள்.

வாங்கும்போது விழக்கூடிய பள்ளங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நிக்கானின் 3000, 5000 வரிசைப் பாடிகளுக்குள் போக்கஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருக்க வேண்டும், ஏ.எஃப்.-எஸ் என்று எழுதியிருந்தால் இருக்கிறது. வெறும் ஏ.எஃப். என்று இருக்கிற பழைய 50 எஃப்/1.8டி மலிவாகக் கிடைக்கும், அருமையான லென்ஸ். அந்தப் பாடிகளில் அது தானாகப் போக்கஸ் ஆகாது. பிறகு வந்த ஏ.எஃப்.-பி வகை லென்ஸ்கள் டி3100 மாதிரிப் பழைய பாடிகளில் சுத்தமாகப் போக்கஸ் ஆகாது. கேனனில் இந்தத் தலைவலி இல்லை. 1987-இலிருந்து வந்த எந்த இ.எஃப். லென்ஸும் அவர்களுடைய எந்த டி.எஸ்.எல்.ஆரிலும் வேலை செய்யும். ஆனால் எழுந்து விழும் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்காக 2018-இல் வந்த ஆர்.எஃப். லென்ஸ் டி.எஸ்.எல்.ஆரில் ஏறாது. நிக்கானின் இஸட் லென்ஸும் அப்படியே. பெயரைக் கேட்டு இணையத்தில் ஆர்டர் போட்டுவிட்டு மாட்ட முடியாமல் நின்ற பையனை எனக்குத் தெரியும்.

அந்த மிரர்லெஸ் வந்ததால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. வசதி உள்ளவர்கள் எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறார்கள், நல்ல டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் பழையதாகச் சந்தைக்கு வருகின்றன. காசு குறைவாக உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல காலம் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். பழையதை வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். மொபைல் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலைபோல நரம்பு நரம்பாக ஓடினால் ஃபங்கஸ். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அது கண்ணாடி மேலிருக்கும் பூச்சைத் தின்கிற பூஞ்சை. முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தால் படத்தில் தெரியாது. பின் கண்ணாடியில் இருந்தால் தெரியும். கடைச் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டச் சொல்லி, நேராக நின்று, முழுக்கத் திறந்து ஒரு படம் எடுங்கள். நாலு மூலையும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் சுபாவம். ஒரு மூலை மட்டும் மங்கினால் அது எங்கோ கீழே விழுந்த லென்ஸ். கடைக்காரர் பொறுமை இழந்தாலும் நீங்கள் இழக்காதீர்கள். நல்ல கடைக்காரர் இதையெல்லாம் பார்க்கிற பிள்ளைக்கு மரியாதை கொடுப்பார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அதைத் தோல் பையில் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோலும் துணியும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இருட்டும் ஈரமும் பூஞ்சைக்குப் பிடித்த இடம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர். 40-க்கும் 50-க்கும் நடுவே நின்றால் போதும். ஜெல்லின் நிறம் மாறினால் இளம் சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். அரிசியில் புதைத்து வைக்காதீர்கள், மாவுத்தூசி ஏறும். எல்லாவற்றையும்விட, லென்ஸை வாரம் ஒருமுறை வெயில் உள்ள இடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படம் எடுப்பது நல்லது.

இவ்வளவு சொன்னதால் தூரம் காட்டும் லென்ஸே வேண்டாம் என்பவனாக என்னை நினைத்துவிட வேண்டாம். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. தை, மாசியில் அங்கே போனால் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் குளத்தோடு நிற்காமல் ஊருக்குள்ளேயே, வீடுகளுக்கு மேல் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். கீழே மனிதர்கள் சைக்கிளில் போவார்கள், பாத்திரம் கழுவுவார்கள்; மேலே குஞ்சுகள் கத்தும். ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைப் பிள்ளைகளைப்போலப் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே எனக்கு 55-200-ஏ போதுமாக இருந்தது. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, எஃப்/8 என்று வைத்தாலே ஷட்டர் 1/1600 கிடைத்துவிடும். விரிந்த சிறகின் ஒவ்வொரு இறகும் நிற்கும். வெயில் கொட்டிக் கிடக்கிற இடத்தில் மலிவான டெலி லென்ஸ் ராஜாவாக இருக்கும். கூரைக்குள் அதே வேலையைச் செய்ய 70-200 எஃப்/2.8 வேண்டும்; ஒன்றரைக் கிலோ எடை, நாம் வைத்திருக்கும் கேமராவைப்போல ஐந்தாறு வாங்குகிற விலை. வெளியே தூரம் சல்லிசு, உள்ளே தூரம் பொன் விலை. வளைகாப்பில் நான் பண்ணிய பிழை இதுதான்: வெளியில் விற்கிற விலைக்கு வாங்கிய தூரத்தை வீட்டுக்குள் கொண்டுபோனேன்.

கிட் லென்ஸைத் திட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குறுக்குத்துறையில் ஆற்றுக்கு நடுவே நிற்கிற முருகன் கோயிலை, காலை எட்டு மணி வெயிலில், 18-இல் எஃப்/8 வைத்து எடுத்த படம் ஒன்று பெரிதாக அச்சிட்டு என் வீட்டில் மாட்டியிருக்கிறேன். எதில் எடுத்தது என்று இதுவரை யாரும் சரியாகச் சொன்னதில்லை. கோபுரத்துக்காக 10-18 வேண்டும் என்று கேட்கிறவர்களிடம், இன்னும் இருபதடி பின்னால் போய்ப் பார்த்தாயா என்றுதான் கேட்பேன்.

அப்படியென்றால் அந்த 300 எம்.எம். கேள்விக்கு என்ன பதில்? நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு வேலை கொடுக்கிறேன். நீ இதுவரை எடுத்த படங்களில் உனக்குப் பிடித்த, அல்லது சரியாக வந்திருக்கலாமே என்று நீ ஏங்குகிற ஐந்நூறு படங்களை எடுத்துக்கொள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எத்தனை எம்.எம்., எந்த அப்பர்ச்சர், என்ன ஷட்டர் என்று பதிந்திருக்கும். நோட்டில் பத்தி பத்தியாகக் கோடு போட்டு எழுதிக்கொண்டு வா. வெளிச்சம் இல்லாமல் ஷட்டர் 1/30-க்குக் கீழே விழுந்தவை எத்தனை? 55-இல் முட்டிக்கொண்டு நின்றவை எத்தனை? 55-இல் நின்றவற்றில், நிஜமாகவே போக முடியாத தூரத்தில் இருந்தவை எத்தனை? போகக் கூச்சப்பட்டுத் தள்ளி நின்றவை எத்தனை? கடைசிக் கேள்விக்குக் கேமராவில் பதிவு இருக்காது. எடுத்தவருக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு பெண் அந்த நோட்டோடு வந்தாள். தென்காசிப் பக்கத்து ஊர். இங்கே நர்சிங் படிக்கிறாள். கையில் சித்தப்பா கொடுத்த நிக்கான் டி3400. ஆச்சியும் தெருப் பெண்களும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுவதைத்தான் வருடம் முழுக்க எடுத்திருந்தாள். மடியில் சுளகு, சுளகில் வெட்டின இலை, விரலுக்கு நடுவே நூல். கேள்வி என்னவோ அதே 300 எம்.எம்.தான். நோட்டைப் பார்த்தேன். பாதிக்கு மேல் 55-இல் முட்டிக்கொண்டிருந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை 1/30-க்குக் கீழே. கடைசிப் பத்தியில் அவள் கணக்கு எழுதவில்லை. "எல்லாம் கூச்சந்தான் சார்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

பழைய 35 எஃப்/1.8 ஒன்று கிடைத்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள், செய்தித்தாள் ஒட்டச் சொன்னாள், நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்தாள். மிச்சக் காசில் டப்பாவும் ஜெல்லும் வாங்கினாள். கடைக்காரர் புதிதாக ஃபில்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டு ஹூட் மட்டும் வாங்கினாள். அடுத்த வாரம் என் வேலையாகத் தென்காசி போனவன், அவள் வீட்டில் ஒரு காப்பி குடிக்க உட்கார்ந்தேன். பொழுது சாய்கிற நேரம். திண்ணையில் ஆச்சி சுற்றிக்கொண்டிருந்தார். அவள் தெருவில் நின்று எடுக்கவில்லை. படியேறி, ஆச்சிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். கண் தெளிவாக இருந்தது, நூல் இல்லை. சக்கரத்தைத் திருப்பி 2.8-க்கு வந்தாள். ஆச்சி தலை நிமிரவில்லை. "ஏட்டி, வெளிச்சத்த மறைக்காத" என்றார்.

அவள் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.